அடுத்த மரம்

முடிவுத் தாளை நீட்டியபோது மாமா சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

அக்காவின் கணவர். சொந்தமாக ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறவர். பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் அவளோடு வாதாடி வருகிறவர். வாதத்தில் அரைப் புள்ளி கிடைத்தாலும் மேசையைத் தட்டி, "டாக்டரம்மா, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கோ" என்று சொல்கிற ஆள். இப்போது ஒரு முழு வெற்றியே கையில் கிடைத்திருக்கிறது. மனிதரோ மை படிந்த விரலால் காதைச் சொறிந்துகொண்டு, "நீயே பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாளில் இரண்டு வரிகள்தான் முக்கியம். பட்டை வகை: நூறில் நாற்பத்தெட்டு தின்னப்பட்டது. வெற்று வகை: நூறில் ஐம்பத்தாறு.

போன வருடம் அவள் தன் கையால் செய்தபோது கிடைத்த எண்கள் இருபத்தொன்பது, அறுபத்தாறு.

அவள் முனைவர் பட்டம் பெற்றவள், ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறாள். மாணவர்கள் வைத்த பெயர் பூச்சி டீச்சர். ஒன்பது வருடமாகத் தற்காலிகப் பணி. இந்த மாதக் கடைசியில் நிரந்தரப் பணிக்கான பட்டியல் மேலிடத்துக்குப் போகிறது. அதில் அவள் பெயர் இருக்க வேண்டுமானால் ஓர் ஆய்வுக் கட்டுரை அச்சேற ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அவளுடைய கட்டுரை முக்கால் வாசி ஏற்கப்பட்ட நிலையில்தான் இருந்தது.

ஆய்வு எளிமையானது. காகிதத்தில் முக்கோணமாக அந்துப்பூச்சி வெட்டிக்கொள்வது. பாதிக்கு மரப்பட்டையின் கோடும் திட்டும் அச்சிட்டிருக்கும்; மீதிக்கு அதே பட்டையின் சராசரிப் பழுப்பு மட்டும், கோடில்லாமல். ஒவ்வொன்றின் முதுகிலும், பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும் செத்த மாவுப்புழு ஒன்றை வைத்துக் குண்டூசியால் பூங்கா மரத்தில் குத்துவது. மறுநாள் போய்ப் பார்த்தால் எந்தப் புழுவைக் குருவி எடுத்தது, எது தப்பித்தது என்று தெரியும். பட்டை வகை அதிகம் தப்பினால், கண்ணில் படாதது பிழைக்கிறது என்று அர்த்தம். கண்ணில் படாதது பிழைத்து, குட்டி போட்டு, அந்தக் குட்டிகளிலும் கண்ணில் படாதது பிழைத்து, இப்படியே லட்சம் தலைமுறை போனால், யாரும் வரையாமலே பட்டை மாதிரி ஒரு சிறகு வந்து சேரும். இது அவள் கட்சி.

மாமா இதைக் கேட்டால் சிரிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ந்த இலை மாதிரியே இருக்கும் பூச்சி ஒன்றின் படத்தைச் செல்பேசியில் காட்டினார்.

"பாரு. இலை நரம்பு இருக்கு. ஓரத்துல புழு கடிச்ச மாதிரி ஓட்டை இருக்கு. பூஞ்சை பிடிச்ச புள்ளி கூட இருக்கு. இதை யாரும் வரையலன்னு சொல்றியா?"

"யாரும் வரையல மாமா. சரியா இல்லாததெல்லாம் தின்னாச்சு. மிச்சம் இருக்கறது இது."

"மிச்சம் எப்படிம்மா ஓவியமாகும்? என் ப்ரெஸ்ல கெட்டுப்போன தாளைத் தூக்கிப் போட்டுக்கிட்டே இருந்தா, கடைசில ஒரு நாள் கலர் காலண்டர் வந்துருமா?"

"உங்க தாள் குட்டி போடாது மாமா."

அக்கா அப்போது குழம்புச் சட்டியை ஓங்கி வைத்தாள். "இங்க ரெண்டு பேரும் சாப்பிடத்தான வந்தீங்க?"

கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்விதழிலிருந்து வந்த மதிப்புரையில் பெயர் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: வித்தியாசம் வியக்கத்தக்க அளவில் இருக்கிறது, கட்டுரையாளரின் கருத்தோடு உடன்பாடு இல்லாத ஒருவர் சோதனையை மறுபடி செய்து காட்டினால் நல்லது. 'வியக்கத்தக்க' என்பது அங்கே பாராட்டு இல்லை என்று அவளுக்குத் தெரியும். துறையில் எல்லோரும் அவள் கட்சிதான். உடன்பாடில்லாத ஆள் என்று அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். காகிதப் பூச்சிகளை அச்சடித்துக் கொடுத்ததும் அவரேதான். மரப்பட்டைத் துண்டு ஒன்றை வாசல் வெளிச்சத்தில் வைத்து, மூன்று மைகளைக் கலந்து கலந்து, ஒரு நாள் முழுக்க நிறம் பொருத்தியவர்.

"பத்து நாள் கடையை விட்டுட்டு பூங்காவுக்கு அலையணுமே மாமா" என்று அவள் இழுத்தபோது, முடிக்குமுன் "அலையறேன்" என்றார். அன்று அதைப் பெருந்தன்மை என்று நினைத்தாள். இன்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால், அத்தனை அவசரம் எதற்கு?

வெளியே வரும்போதுதான் மேசையில் உலர வைத்திருந்த துண்டறிக்கைகளைப் பார்த்தாள். மாமா உறுப்பினராக இருக்கும் சிந்தனை வட்டத்தின் கூட்டம், வருகிற சனிக்கிழமை. தலைப்பு: 'சிறகில் யார் கையெழுத்து? ஒரு கள அனுபவம்.' பேசுபவர் மாமா. நடுவில் படம், அவளுடைய காகிதப் பூச்சியைப் பெரிதாக்கியது.

கள அனுபவம். அவள் ஒரு அறிக்கையை எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மை முழுதாகக் காய்ந்திருக்கவில்லை, மடிப்பில் ஒட்டியது.

துறைத்தலைவர் முடிவுத் தாளை ஒரு நிமிடமும் துண்டறிக்கையை ஐந்து நிமிடமும் பார்த்தார்.

"இவரு உங்க அக்கா வீட்டுக்காரரா?"

"ஆமா சார்."

"இந்தக் கூட்டத்துல பேசப் போறவரும் இவரேதானா?"

"ஆமா சார்."

"அப்புறம் எதுக்குங்க முகத்தைத் தொங்கப் போட்டுட்டு நிக்கறீங்க? தப்பிக்கற கதவு தெறந்துதான் இருக்கு." ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, நிதானமாக எழுதினார்: மறுசோதனை செய்தவருக்குத் தனி நோக்கம் இருந்தது தெரியவந்துள்ளதால் அம்முடிவுகள் விலக்கப்படுகின்றன. "இதைப் போட்டு அனுப்புங்க. வேற ஒரு ஆளை வெச்சு அப்புறமா செஞ்சு தர்றோம்னு சொல்லுங்க. பழைய எண்ணை ஏத்துக்குவாங்க. சாட்சி ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது. புழுவை இவரே புடுங்கிப் போட்டதை யாராவது பாத்திருப்பாங்க. பூங்கா முழுக்க ஆள் நடமாட்டம்தானே?"

தாளை அவள் வாங்கிக்கொண்டாள். வாக்கியம் அவளுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கே தோன்றியதை வேறொருவர் நல்ல மொழியில் சொன்னதுபோல் இருந்தது.

பொறி ஒன்று வைத்தாள். மாமாவுக்குத் தொலைபேசியில், "ஒரு நாள் பதிவு சரியா இல்ல மாமா, இன்னும் இருபது மட்டும் குத்தித் தர முடியுமா?" என்று பொய் சொன்னாள். எந்த நாள், என்ன தப்பு என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தாள். "நாளைக்குக் காலைல போறேன்" என்றார். கேள்வியே கேட்காத ஒருவரை எப்படி நம்புவது?

மறுநாள் காலை ஆறரைக்கே பூங்காவுக்குப் போய்விட்டாள். மங்கலான பழுப்பில் ஒரு பழைய உடை. யார் கண்ணிலும் படக்கூடாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றால் மரங்கள் தெரியும். நின்று இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

"மேடம், தொட்டி பின்னாடி என்ன பண்றீங்க?"

பூங்காக் காவலாளி. இந்த ஆய்வு தொடங்கிய நாளிலிருந்தே அவருக்கு அவள்மேல் ஒரு சந்தேகக் கண். மரத்துக்கு எண் போட்டபோது, வெட்டத்தான் எண் போடுகிறார்கள் என்று நடைபயிற்சிக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி, பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்ட புகார் ஒன்று வர அவர்தான் காரணம்.

"சும்மா நிக்கறேன். ஒண்ணு கேக்கணும். கொஞ்ச நாளா இங்க ஒருத்தர் வந்து மரத்துல காகிதம் குத்தறாரே, அவரைப் பாத்திருக்கீங்களா?"

"கண்ணாடி போட்ட சார்தானே? தினம் பாக்கறேனே."

"அவரு என்ன பண்ணுவாரு? அதுல இருக்கற புழுவை எடுத்துப் போடுவாரா?"

காவலாளி யோசித்தார். கேள்வியின் ருசி அவருக்குப் புரிந்துவிட்டது. "புழுவை எடுத்து நான் பாக்கல. ஆனா ஆள் சரியில்ல மேடம். ஒரு டப்பா வெச்சிருக்காரு. அதைக் குலுக்குவாரு. உள்ள இருந்து என்னமோ எடுத்துப் பாப்பாரு. அப்புறம் இன்னொரு டப்பாவைக் குலுக்குவாரு. எனக்கு என்னமோ சூதாட்டம்னுதான் தோணுச்சு. எழுதிக் குடுக்கணும்னா குடுக்கறேன்."

அவள் கொடுத்த பட்டியலில் எந்த டப்பாவும் கிடையாது. எத்தனையாவது பூச்சி, எந்த எண் மரம், எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் என்று கணினி கலைத்துப் போட்ட பட்டியல் அது. அதைப் பார்த்துக் குத்த வேண்டியதுதான் அவர் வேலை. அவளுக்கு நெஞ்சு லேசானது. ஒரு துரோகம் உறுதியாகும்போது வரும் நிம்மதி.

ஏழு மணிக்கு மாமா வந்தார். தோளில் துணிப்பை. முதல் மரத்தடியில் பையை வைத்து, தகர டப்பா ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளேயிருந்து ஒரு சீட்டை எடுத்தார். இரண்டாவது டப்பாவையும் அப்படியே. பிறகு நாற்பது அடி நடந்து, நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்த ஒரு மரத்தில், பச்சையாகப் பாசி படர்ந்த பக்கத்தில், ஒரு பட்டை வகைப் பூச்சியை ஆணி அடிப்பவர்போல் குத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்ததற்குப் போனார். பாசியின்மேல் அந்தப் பழுப்பு முக்கோணம் தொட்டி வரைக்கும் தெரிந்தது.

அவள் வெளியே வந்தாள்.

"மாமா, அது என்ன டப்பா?"

அவர் திடுக்கிடவில்லை. அவள் உடையை மேலும் கீழும் பார்த்தார். "தொட்டி பின்னாடி நின்னது நீதானா? மோட்டார் ரிப்பேர் பண்ண ஆள் வந்திருக்குன்னு நெனச்சேன்."

"பேச்சை மாத்தாதீங்க. நான் குடுத்த லிஸ்ட் எங்க?"

"வீட்ல இருக்கு."

"அப்போ பத்து நாளும் லிஸ்ட் இல்லாமத்தான் குத்தினீங்களா?"

"ஆமா."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. காவலாளி பத்தடி தள்ளி, செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல் காலிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் மாமா?"

"உன் மேல நம்பிக்கை இல்ல."

"லிஸ்ட்டைப் போட்டது கம்ப்யூட்டர். நான் அதைத் தொடக்கூட இல்ல."

"லிஸ்ட்டைச் சொல்லலம்மா. கீழ ஒரு வரி போட்டிருந்தியே, மரம் பொருந்தாவிட்டால் அடுத்த மரத்துக்குச் செல்லவும்னு. பொருந்தலன்னு யாரு முடிவு பண்றது?"

"குத்தறவங்கதான்."

"குத்தறது நான். நான் யாரு, உன் எதிர்க்கட்சி. ஒரு பூச்சியைக் கையில வெச்சுக்கிட்டு இந்த மரம் சரியில்லன்னு நான் நகர்ந்தா, நாளைக்கு நீ என்ன சொல்லுவே? மாமா சூது பண்ணிட்டாருன்னு சொல்லுவே. நகராம குத்தினாலும் சொல்லுவே. இதோ, இப்பவே தொட்டி பின்னாடி நின்னுட்டுத்தான இருக்கே? அதான் நானே சீட்டு எழுதிட்டேன். மரத்துக்கு ஒரு டப்பா, பக்கத்துக்கும் உயரத்துக்கும் ஒரு டப்பா. வந்த இடத்துல குத்து. அவ்வளவுதான்."

"பாசி மேல குத்தறீங்களே! பட்டை வகை பளிச்சுன்னு தெரியுதே!"

"தெரியட்டும். பூச்சி உக்காரும்போது இங்க பாசி இருக்கான்னு கேட்டுட்டா உக்காருது?"

"சில பூச்சி பாத்துத்தான் உக்காரும்."

"அது பூச்சியோட வேலை. உன் வேலை இல்ல."

"சரி, குத்தினதுக்கப்புறம் மூணு அடி தள்ளி நின்னு ஒரு தடவை பாக்கலாமில்ல? ஆணி அடிக்கற மாதிரி அடிச்சிட்டுப் போறீங்க."

"எதுக்குப் பாக்கணும்?"

"பட்டையோட சரியா சேந்து உக்காந்திருக்கான்னு…"

வாக்கியத்தின் மிச்சம் வரவில்லை. மாமா கையிலிருந்த டப்பாவை மூடினார். முப்பது வருடமாக நிறம் பொருத்துகிறவர். ஒரு கை தனக்கே தெரியாமல் எந்தப் பக்கம் சாயும் என்பது அவருக்குப் புதிய விஷயம் அல்ல.

"நீ அப்படிப் பாப்பியா?" என்று கேட்டார். குரலில் கேலி இல்லை. "எல்லாத்தையுமா? இல்ல, பட்டை வகையை மட்டுமா?"

அவள் கிளம்பிவிட்டாள்.

போன வருடக் களக் குறிப்பேடு அலமாரியின் கீழ்த் தட்டில் இருந்தது. மழை பட்டு அலையடித்த பக்கங்கள். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு வரி. மரம் மாற்றிய இடத்தில் 'அ.ம.' என்று குறித்திருந்தாள். அடுத்த மரம். இதை அவள் மறைக்கவில்லை. கட்டுரையிலேயே முறைகள் பகுதியில் அந்த விதி ஒரு வரியாக இருந்தது. எத்தனை தடவை, எந்த வகைக்கு என்று மட்டும் அவள் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

எண்ணினாள். வெற்று வகையில் ஐந்து. பட்டை வகையில் முப்பத்தேழு.

மறுபடி எண்ணினாள். முப்பத்தேழுதான்.

அந்தக் காலைகள் எல்லாம் உடம்புக்கு ஞாபகம் இருந்தன. பட்டை வகையைக் கையில் எடுத்தால் ஓர் ஆசை. மரத்தைப் பார்த்து, 'ஈரமா இருக்கு', 'பட்டை உரிஞ்சிருக்கு' என்று நகர்வாள். குத்துவாள். மூன்று அடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். கோடு கோட்டோடு சேரவில்லை என்றால் கொஞ்சம் திருப்பிக் குத்துவாள். அது மரத்தில் கரைந்து மறையும்போது ஒரு சந்தோஷம் வரும். வெற்று வகையை இப்படிப் பார்த்ததாக ஒரு தடவைகூட நினைவில்லை. அதைக் குத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள், இன்று காலை மாமா போனதுபோல.

யாரும் வரையாமலே வடிவம் வருகிறது என்று காட்டப் போன இடத்தில், நூறு மரத்தில் ஒருத்தி உட்கார்ந்து வரைந்திருக்கிறாள்.

பையில் துறைத்தலைவரின் வாக்கியம் இருந்தது. காவலாளியும் எழுதித் தருவார். பட்டியலை மீறியதாக மாமா தன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. அதைச் சொல்வது பொய்கூட இல்லை. துண்டறிக்கையை இணைத்தால் போதும், கேட்கிற எவரும் நம்பிவிடுவார்கள். அவளே நான்கு நாளாக நம்பிக்கொண்டுதானே இருந்தாள்?

தொலைபேசி அடித்தது. அக்கா.

"ஏண்டி, அவரைத் தொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு வேவு பாத்தியாமே?"

"அவரு சொன்னாரா?"

"அவரு எங்க சொன்னாரு? வந்ததுலேர்ந்து பேசவே இல்ல. காவலாளி அந்தப் பக்கம் நடக்கப் போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கான். பூங்காவுல சூதாட்டம், போலீஸ்காரம்மா மாறுவேஷத்துல வந்து பிடிச்சாங்கன்னு. எதிர்வீட்டுல வந்து என்கிட்ட கதையா சொல்றாங்க. அவரு உன்னை நம்பல, நீ அவரை நம்பல, நடுவுல என் ஃப்ரிட்ஜ்ல ஒரு டப்பா செத்த புழு. எப்ப எடுக்கப் போறீங்க?"

"அக்கா, நான்தான் தப்பு பண்ணியிருக்கேன்."

"அவரு அப்படிச் சொல்லச் சொன்னாரா?" என்று அக்கா கேட்டாள்.

மறுநாள் குறிப்பேட்டோடு அச்சகத்துக்குப் போனாள். மாமா இயந்திரத்தை நிறுத்தி, கையைத் துடைத்து, பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்திலிருந்து தானே எண்ணினார். முப்பத்தேழு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எதுக்கு என்கிட்ட காட்டறே?"

"நீங்க கண்டுபிடிச்சதுதானே?"

"நான் கண்டுபிடிக்கல. உன்னை நம்பாம இருந்தேன், அவ்வளவுதான்." குறிப்பேட்டை வெளிச்சத்தில் பிடித்து, மை பழையதா புதியதா என்று பார்த்தார். வேண்டுமென்றே செய்யவில்லை, தொழில் பழக்கம். "இதுல ஏதாவது உள்குத்து இருக்கா? சனிக்கிழமை நான் இதைப் பேசினதுக்கப்புறம், அது வேற இதுன்னு எந்திரிச்சு நிப்பியா?"

"இன்னைக்கே இதழுக்கு எழுதப் போறேன். அப்புறம் யார் வேணா பேசலாம்."

"வேலை?"

அவள் தோளைக் குலுக்கினாள்.

அவர் சற்று நேரம் மைக் குப்பிகளின் மூடிகளைத் திருகிக்கொண்டிருந்தார். "டாக்டரம்மாவோட பூச்சியை வடிவமைச்சது டாக்டரம்மாதான்னு சொன்னா கூட்டத்துல கைத்தட்டு பிச்சுக்கும்."

"சொல்லுங்க. ஆனா உங்க எட்டையும் சேத்துச் சொல்லணும்."

எந்த எட்டு என்று அவர் கேட்கவில்லை. ஐம்பத்தாறிலிருந்து நாற்பத்தெட்டைக் கழித்தால் எவ்வளவு என்பது அவருக்கு நாலைந்து நாளாகவே தெரிந்திருந்தது, முகத்தில் எழுதியிருந்தது.

"அதைத்தாம்மா என்னால முழுங்க முடியல" என்றார். "கண்ணை மூடிக்கிட்டு சீட்டு எடுத்தேன். எதையும் யாரும் பாத்து வெக்கல. ரெண்டு வகைக்கும் ஒரே மாதிரிதான் வந்திருக்கணும். எட்டு எங்கேர்ந்து வந்துச்சு? நீ ஏதோ மாவுப்புழுவுல வேலை பண்ணியிருக்கியோன்னு அதைக்கூடப் பாத்தேன்."

"நூறுக்கு எட்டுங்கறது பெருசில்ல மாமா. சும்மா தற்செயலாவே வரும்."

"தற்செயல்னு நீ சொல்றியா?" அவர் நிமிர்ந்தார். "எனக்குச் சாதகமா ஏன் பேசறே?"

"உண்மை அதான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நானூறு குத்தினாத்தான் தெரியும்."

"எட்டு நின்னுச்சுன்னா? பட்டையை வரைஞ்சவன் நான், மை போட்டவன் நான். வடிவமைச்சவன் இருந்ததாலதான் பூச்சி பொழைச்சுதுன்னு நான் சொல்லிக்குவேன்."

"சொல்லிக்கங்க. எதை விடறது, எதைத் திங்கறதுன்னு முடிவு பண்ணது குருவி. அதுக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது."

இதற்குப் பதில் அவரிடம் இருந்திருக்கும். சாப்பாட்டு மேசையாக இருந்தால் சொல்லியிருப்பார். "சீட்டு நான்தான் குலுக்குவேன்" என்றார். "மரத்துக்கிட்ட நீ வரக்கூடாது."

"நீங்களும் குத்தக்கூடாது. நம்ம ரெண்டு பேர் கையும் வேண்டாம்."

"அப்போ யாரு?"

மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அப்போதுதான் உள்ளே வந்த அக்கா, இருவரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றாள். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் பாத்திரத்தைத் துண்டறிக்கைக் கட்டின்மேல் வைத்தாள்.

"எனக்கு உங்க ரெண்டு பேர் மேலயும் நம்பிக்கை கிடையாது. யாரு ஜெயிச்சாலும் ஞாயித்துக்கிழமை எனக்குத்தான் தலைவலி."

"அதனாலதான் நீ" என்றாள் தங்கை.

"புழுவை நான் கையால தொட மாட்டேன்."

"கையுறை வாங்கித் தரேன்" என்றார் மாமா.

இதழுக்குக் கடிதம் அன்று மாலை போனது. இரண்டு பத்திதான். முதல் சோதனையில் மரம் மாற்றும் விதி இரு வகைகளுக்கும் சமமாகப் பயன்படுத்தப்படவில்லை, எண்கள் இவை, பிழை கட்டுரையாளருடையது. மறுசோதனை செய்தவர் கட்டுரையாளர் கொடுத்த முறையைவிட நல்ல முறையைத் தாமே வகுத்துக்கொண்டார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

துறைத்தலைவர் அதன் நகலை இரண்டு முறை படித்தார்.

"நான் எழுதிக் குடுத்தது என்னாச்சு?"

"அது சரியில்ல சார். அவரு எதையும் தொடல."

"பட்டியல் திங்கட்கிழமை போகுது. உங்க பேர் இல்லாமத்தான் போகும்."

"தெரியும் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்து அவளை நெடுநேரம் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"வேற எங்கயாவது வேலை கெடைச்சிருச்சா?"

"இல்ல சார்."

"சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க. எந்தக் காலேஜ்னு நான் கேக்கப் போறதில்ல."

"எந்தக் காலேஜும் இல்ல சார். அடுத்த வருஷமும் இங்கயே தற்காலிகமா இருந்துக்கறேன். இதுல மட்டும் ஒரு கையெழுத்து வேணும்."

பூங்காவில் நானூறு காகிதப் பூச்சிகள் குத்த அனுமதி கோரும் விண்ணப்பம். குத்துபவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரைப் பார்த்து அவர் புருவத்தைத் தூக்கினார். "இவங்க எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்ல. எங்க ரெண்டு பேர் மேலயும் அவங்களுக்குச் சந்தேகம்."

ஆய்வாளர் சோதனை முடியும்வரை பூங்காவுக்குள் நுழைய மாட்டார் என்ற வரியில் அவர் விரல் சற்று நின்று, நகர்ந்தது. கடைசி வரி வரை படித்தார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை. வெளிச்சத்தில் ஒரு தரம் பிடித்துப் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்தார்.